வாள்காரனுக்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை

சண்டையில் யார் பலசாலி என்று என்னைக் கேட்டால் காட்டான் என்றுதான் சொல்வேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டால் அவன் கொடுக்கும் அடி இரண்டு மடங்கு, வாங்கும் அடி பாதி. அந்தக் கோபம் தானாகத் தணியாது. அவன் எதையாவது சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் முடிந்தது, அப்புறம் அவன் வெறும் ஆள்.

இது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆடும் விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகி அந்தக் கதைக்குள் போய்ச் சண்டை போடுவோம். அடி விழுந்ததா இல்லையா என்று பார்க்க, ஒரு துணிப்பைக்குள் கைவிட்டுப் பொத்தான் எடுக்க வேண்டும். பொத்தான்களில் ஒன்று முதல் இருபது வரை எழுதியிருக்கும். பெரிய எண் வந்தால் அடி, சின்ன எண் வந்தால் அவமானம். கதை சொன்னவன் என் அண்ணன். அவன் செத்துப்போய் ஏழு மாதம் ஆகிறது. செவ்வாய்க்கிழமை காய்ச்சல், சனிக்கிழமை ஆள் இல்லை. அதைப் பற்றி அதற்கு மேல் எனக்கு எழுத வராது.

அண்ணன் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தான். நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன், இப்போது பெருங்களத்தூரில் ஒரு பேக்கரியில் கேக்குக்கு டப்பா மடிக்கிறேன். அவன் பன்னிரண்டு முடித்தவன், இங்கிலீஷ் படிப்பான். ஒருநாள் கடையில் ஒரு காலேஜ் பையன் கொடுத்த விளையாட்டுப் புத்தகத்தை அவன் தனக்கும் ஒரு காப்பி போட்டுக்கொண்டு வந்தான். அதைப் படித்துத்தான் எங்களுக்கு விதிகளைச் சொன்னான்.

கத்தி, கம்பு, கை இவற்றோடு நேருக்கு நேர் நின்று அடிக்கிறவர்கள் நாலு பேர். மந்திரவாதிகளும் புத்தகத்தில் உண்டாம். எங்களில் யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை.

காட்டானாக ஆடுகிறவர் பாய் அண்ணா. மார்க்கெட் பக்கம் பேண்ட் சுருக்கித் தருகிற தையல் கடை. பொத்தான்களும் பையும் அவர் உபயம். ஊதினால் பறக்கிற உடம்பு, கோபமே வராத மனிதர். ஆனால் காட்டானின் கோபம் போய்விடக் கூடாது என்பதற்காக ஞாயிறு மதியம் சாப்பிடாமலே வருவார்.

சத்தியக்காரனாக ஆடுகிறவர் வேன் அண்ணா. ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகிறவர், வீடு படப்பை. சத்தியக்காரன் ஒரு சத்தியம் செய்ய வேண்டும். அது இருக்கும்வரை அவன் வாளில் நெருப்பு எரியும். அண்ணன் அவரிடம் வாங்கிய சத்தியம், பொய் சொல்ல மாட்டேன் என்பது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் போனில் "பெருங்களத்தூர் தாண்டிட்டேன் மச்சான்" என்பார். பின்னால் பஸ் கண்டக்டர் "படப்பை எறங்கு" என்று கத்துவது கேட்கும். வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவர் நெருப்பு அணைந்துவிடும்.

சாமியார் நான். வெறுங்கையால் அடிப்பேன். காலில் செருப்பு இல்லாதவரை என்னை யாரும் தொட முடியாது. வீட்டுக்குள் யார் செருப்பு போடுகிறார்கள்? அதனால் நான் தோற்றதே இல்லை. ஒரே ஒரு தடவை இது அநியாயம் என்று சண்டை போட்டு மே மாத வெயிலில் மொட்டை மாடிக்கு ஆட்டத்தைக் கொண்டுபோனார்கள். கால் வெந்தது, செருப்பைப் போட்டேன், அடுத்த அடியில் செத்தேன்.

அப்படிச் சண்டை போட்டவர் பார்சல் அண்ணா. வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவர். அவர்தான் வாள்காரன். வாள்காரனுக்கு என்ன உண்டு என்றால், வாள் உண்டு. கொஞ்சம் தடிமனான கவசச் சட்டை உண்டு. அவ்வளவுதான். நாலு வருஷமாகத் தோற்றார்.

அண்ணன் போன பிறகு மூன்று பேரும் வரவில்லை. ஒருநாள் அம்மாவே போன் போட்டு, "அவன் இல்லன்னா இந்த வூடு உங்களுக்கு வூடு இல்லியாடா?" என்று கேட்டாள். அடுத்த ஞாயிறு வருகிறோம் என்றார்கள். யார் கதை சொல்வது என்று கேட்டார்கள். பேப்பர் என்னிடம்தான் இருக்கிறது, நான் சொல்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை அண்ணன் பையிலிருந்து அந்த ஜெராக்ஸ் கட்டை முதல் தடவையாக எடுத்துப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் வரும். நம்பர் வரும். 45, 47, 49, 51. மறுபடி பார்த்தேன். கட்டு முழுக்க ஒற்றைப்படைதான். புத்தகத்தின் வலது பக்கத்தை மட்டும் காப்பி போட்டிருக்கிறான். இடது பக்கத்தை எடுப்பதற்குள் அந்தப் பையன் வந்திருப்பான் போல. தாளுக்குப் பின்னால் வெள்ளையாக இருந்த இடத்தில் பென்சிலால் தமிழில் எழுதி எழுதி அடித்திருந்தான். காட்டான் தாளின் பின்னால், "கோபம் எப்போது போகும்? தூங்கினால்" என்று எழுதி அடித்திருந்தான். "அழுதால்" என்று எழுதி அடித்திருந்தான். "சாப்பிட்டால்" என்பதற்கு டிக் போட்டிருந்தான்.

செருப்பும் அவன் வேலை. பொய் சொல்லாத சத்தியமும் அவன் வேலை. தாளைத் திருப்பத் திருப்ப எனக்குச் சிரிப்பு. அம்மா வந்து என்னடி என்றாள், அழுதுகொண்டிருந்தேன்.

அப்புறம் பயம் வந்தது. உண்மையான விதிகள் போனிலேயே கிடைக்கின்றன, நாங்கள் யாரும் தேடவில்லை, அவ்வளவுதான். அண்ணன் சொன்னது பாதி கட்டுக்கதை என்று தெரிந்தால் இவர்கள் அதற்குப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் உட்கார்ந்தே ஆடினாலும் அது அவன் ஆட்டம் இல்லை. ஏழு மாதத்தில் அவன் இரண்டாவது தடவை வீட்டை விட்டுப் போவான். அதனால் ஜெராக்ஸ் கட்டுக்குக் கிளிப் போட்டு மடியிலேயே வைத்துக்கொள்வது, யாரிடமும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு வந்ததும் பார்சல் அண்ணா உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"கதையெல்லாம் அப்பறம் பாப்பா. மொதல்ல நாலு பேரையும் மோத வுட்டுப் பாக்கணும். எவன் ஓவரு, எவன் டம்மின்னு இன்னிக்குத் தெரிஞ்சாவணும். நாலு வருஷமா நான் வாங்கறேன், எனக்கு இன்னா தலையெழுத்தா?"

"நீ பொத்தான் எடுக்கற லட்சணம் அப்படி," என்றார் வேன் அண்ணா.

"நீ பேசாத. இன்னிக்கு எங்க கீறேன்னு சொன்ன? வண்டலூரா? நான் உன் வண்டிக்குப் பின்னாடியேதான்டா வந்துகினு இருந்தேன், மணிமங்கலத்துல."

அதோடு சத்தியக்காரனின் நெருப்பு அணைந்தது. முதல் மோதலில் வாள்காரன் ஜெயித்தார். மோதல் என்றே சொல்ல முடியாது, நனைந்த தீப்பெட்டியை மிதித்த மாதிரி. இருந்தாலும் எழுந்து நின்று கையைத் தூக்கிக் காட்டினார்.

இரண்டாவது என்னோடு. நான் பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். "பாப்பா, அந்தச் செருப்பைக் கொஞ்சம் போட்டுக்கறியா, தரை ஜில்லுன்னு கீது," என்று அக்கறையாகக் கேட்டார். நாலு அடியில் விழுந்தார்.

மூன்றாவது காட்டான். பாய் அண்ணா கண்ணை மூடி, மூச்சை இழுத்து, சட்டைக் கையை மடித்தார். அவர் கை என் கையை விட ஒல்லி. "கோபம் வந்துருச்சு," என்று மெதுவாகச் சொன்னார், பஸ்ஸில் டிக்கெட் கேட்பது போல. வாள்காரன் அடித்தது பாதியானது. காட்டான் அடித்தது இரண்டு மடங்கானது. இன்னும் ஒரே ஒரு அடி விழுந்தால் வாள்காரன் காலி.

அப்போது அம்மா கீரை வடைத் தட்டோடு வந்தாள். ஏழு மாதத்தில் அவள் வடை சுடுவது அன்றுதான் முதல் தடவை. பாய் அண்ணாதான் முதலில் கையை நீட்டினார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒன்றை எடுத்து அப்படியே வாயில் போட்டார்.

"துன்னுட்டான்!" என்று பார்சல் அண்ணா கத்தினார். "கோவம் போச்சு! பாப்பா, எழுது, கோவம் போச்சு!"

பாய் அண்ணா இரண்டு கையையும் ஆட்டினார். வாய் நிறைய வடை. "இல்ல... இன்னும்... முழுங்கல."

"இன்னாது?"

"முழுங்கினாத்தான் சாப்பிட்ட மாதிரி. இது சும்மா வாய்ல இருக்கு."

"டேய், டபாய்க்காத!"

"காட்டான் சாப்பிட்டாத்தான் கணக்கு," என்று வேன் அண்ணா நடுவில் புகுந்தார். "இவரு சாப்பிட்டா இன்னா? கதைல வடை ஏது?"

"அப்படியா? நீ பொய் சொன்னா சத்தியக்காரன் நெருப்பு அணையுது. பாப்பா செருப்பு போட்டா சாமியார் சாவறாரு. பாய் துன்னா மட்டும் காட்டான் துன்ன மாதிரி இல்லியா? எந்த ஊரு நியாயம்டா இது?"

நியாயம்தான். வேன் அண்ணாவே தலையாட்டினார். மிச்சம் இருந்தது ஒரே கேள்வி, மெல்லுவதா முழுங்குவதா. பாய் அண்ணா கன்னம் உப்பி, மெல்லவும் இல்லாமல், துப்பவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடுவில் பச்சை மிளகாய் இருந்திருக்கும்.

"பேப்பர்ல பாரு பாப்பா," என்றார் பார்சல் அண்ணா. "இன்னா போட்டுகீது, படி."

நான் தாளைப் பிரித்தேன். "அது வந்துண்ணா... மென்னா பாதிக் கோபம் போகும்னு..."

"பாதியா? காட்டு."

"நான் படிக்கறேன்ல."

"நீ தலைகீழா வெச்சுனு படிக்கற."

பார்சல் அண்ணா கட்டை வாங்கிவிட்டார். ஒரு தாளைப் புரட்டினார். இன்னொன்று. பார்சல் கொடுக்கிறவர், நம்பர் பார்ப்பதுதான் அவர் தொழில். "நாப்பத்தேழுக்கு அப்பறம் நாப்பத்தொம்பது. எட்டு எங்க?"

இனிமேல் மறைக்க முடியாது என்று தெரிந்தது. சொல்லிவிட்டேன். பாதிப் புத்தகம்தான் அவனிடம் இருந்தது, மீதியை அவனே யோசித்துச் சொன்னான், சாப்பாடு, செருப்பு, சத்தியம் எதுவும் புத்தகத்தில் இல்லை. ஒரே மூச்சில் சொன்னேன். "வேணும்னா போன்ல உண்மையானது இருக்கு, அதை வெச்சு ஆடிக்கோங்க," என்றும் சொன்னேன்.

பாய் அண்ணா வடையை முழுங்கினார். "நாலு வருஷம் பட்டினி கிடந்தேனே பாப்பா," என்றார். வேன் அண்ணா சிரிக்கத் தொடங்கினார். "டேய், நான் பொய் சொல்லாம இருந்ததே அவனுக்கோசரம்தான்டா. புக்குல இல்லியாமே அது!" "நீ எப்படா சொல்லாம இருந்த?" என்று பாய் அண்ணா கேட்க, இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

பார்சல் அண்ணா மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பின்னால் இருந்த பென்சில் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார். வாள்காரன் தாள் வந்தது. திருப்பினார். வெள்ளை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், அழித்த தடம்கூட இல்லை.

"இவனுங்களுக்கெல்லாம் யோசிச்சு யோசிச்சு எழுதிகீறான். எனக்கு மட்டும் ஒண்ணியும் யோசிக்கலியா உங்க அண்ணன்?"

அவர் குரலைக் கேட்டு மற்ற இருவரும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

நான் அந்தத் தாளின் முன்பக்கத்தைக் காட்டினேன். வாள்காரன் பற்றி எழுதியது மேலே தொடங்கி அதே பக்கத்தில் கீழே முடிந்திருந்தது. "உங்களுது மட்டும் முழுசா கெடைச்சுதுண்ணா. கிழிசல் இருந்தாத்தானே ஒட்டுப் போட முடியும்."

"அப்ப புக்கே என்னை ஏமாத்திச்சா?"

"ஆமா."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தாளை என் மடியில் போட்டார், வெள்ளைப் பக்கம் மேலாக. "போனு கீனெல்லாம் வேணாம். அவன் இல்ல. நீ எழுது."

அண்ணனிடம் கேட்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றுவது இன்னும் நிற்கவில்லை. பேனாவை எடுத்தேன். வாள்காரன் ஒரு சண்டைக்கு ஒரு தடவை "செல்லாது" என்று கத்தலாம், யார் எடுத்த பொத்தானாக இருந்தாலும் பைக்குள் திரும்பப் போட்டு மறுபடி எடுக்க வேண்டும் என்று எழுதினேன். சத்தமாகப் படித்தும் காட்டினேன்.

"இது ஓவர்," என்றார் வேன் அண்ணா.

"அவரு நாலு வருஷமா சும்மாவே கத்திட்டிருந்தாரு. இப்ப சட்டமாயிடுச்சு," என்றேன்.

பார்சல் அண்ணா முகத்தைப் பார்க்க வேண்டுமே! நிறுத்திய இடத்திலிருந்தே ஆடலாம் என்றார். காட்டான் வடையை முழுங்கியாகிவிட்டது, கோபம் இல்லை. வாள்காரனுக்கோ ஒரே அடியில் போகிற உயிர். பாய் அண்ணா பைக்குள் கைவிட்டார். பதினெட்டு.

"செல்லாது!" தெருவில் போனவர்கள் நின்று பார்க்கிற மாதிரிக் கத்தினார் பார்சல் அண்ணா.

பாய் அண்ணா மரியாதையாகப் பொத்தானைத் திரும்பப் போட்டு, குலுக்கி, மறுபடி எடுத்தார். இருபது.

வேன் அண்ணா பாயில் புரண்டார். பார்சல் அண்ணா அந்தப் பொத்தானை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு என் பக்கம் நகர்ந்து வந்து, குரலைத் தாழ்த்தி, "பாப்பா, இன்னொரு தபா கத்திக்கட்டா?" என்றார்.

"ஒரு சண்டைக்கு ஒரு தடவைண்ணா."

"உங்க அண்ணன் இருந்தா குடுத்திருப்பான்."

"குடுத்திருப்பான்தான்," என்றேன். "இப்ப நான்தானே இருக்கேன். முடியாது."

அவர் "சரி, செத்தேன்," என்று சொல்லிப் பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.