உடும்புப் பிடியும் இருபத்தேழு கோல்களும்

கால்பந்து ஏஜென்ட் என்றதும் கறுப்புக் கண்ணாடி, நீளக் கார், காதோடு ஒட்டிப் பிறந்த கைபேசி என்று ஓர் உருவம் உங்கள் மனத்தில் எழுந்தால், அதை மரியாதையாக வாசலிலேயே நிறுத்திவிட்டு வாருங்கள். நம் அம்மையாருக்கு வயது நாற்பத்தாறு. வெயிலடித்தாலும் குடை, அடிக்காவிட்டாலும் குடை. தலைமை அலுவலகம் சாப்பாட்டு மேசையின் பாதி. மறுபாதி பல் செட் செய்யும் கணவருக்குச் சொந்தம். கிளப் நிர்வாகிகளிடம் இவர் தொண்டை வறளப் பேசும்போதெல்லாம் எதிரே ஏழெட்டு ஜோடித் தாடைகள் காய்ந்தபடி இளித்துக்கொண்டிருக்கும்.

கால்பந்து உலகம் அவருக்கு அளித்த பட்டம் உடும்பு. ‘உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்’ என்று முனகியபடியே கையெழுத்துப் போட்ட நிர்வாகிகள் அநேகம். அம்மையார் இதை வசவாக எடுத்துக்கொள்ளவில்லை. விசிட்டிங் கார்டில் போடலாமா என்றுதான் இரண்டு நாள் யோசித்தார்.

தொழிலுக்கு அவர் வந்தது முழங்கால் வழியாக. எலும்பு டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் பன்னிரண்டு வருஷம் வரவேற்பு மேசையில் இருந்தார். ஆட்டக்காரர்கள் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவன் தன் கிளப் ஒப்பந்தத்தை விசிறியாக வீசிக்கொண்டிருந்தான். கசங்குகிறதே என்று வாங்கி வைத்தவர், கையோடு வாசித்தும்விட்டார். எடை இரண்டு கிலோ கூடினால் அவனை வெளியே அனுப்பிவிடலாம் என்று பதினாலாம் பக்கம் சொல்லியது.

“இதுலயா கையெழுத்து போட்டே?”

“எல்லாரும் போட்டாங்கக்கா.”

“எல்லாரும் படிச்சாங்களா?”

“படிக்கிற பழக்கம் இருந்தா நான் ஏங்க்கா பந்து உதைக்க வர்றேன்?”

அன்றே முடிவெடுத்தார். ஏஜென்ட் தேர்வில் முதல் தடவை தோற்றார். இரண்டாம் தடவையும் தோற்றார். மூன்றாம் தடவை தேர்வு அவரிடம் தோற்றது. சில வருஷங்களில் பதினோரு ஆட்டக்காரர்கள் அவர் கையில். ஓர் அணிக்குக் கச்சிதமான ஆள்பலம். அப்புறம் நகர மையத்தில் கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு ஏஜென்ட் கம்பெனி திறந்தார்கள். லிஃப்டில் பாட்டெல்லாம் பாடுமாம். பத்துப் பேர் பாட்டுக் கேட்கப் போனவர்கள் திரும்பவேயில்லை.

மிஞ்சியவன் ஏணி. முப்பத்து மூன்று வயது கோல்கீப்பர். பல்பு மாற்ற நாற்காலி தேடாத உயரம். கண்ணாடிக் கட்டடத்தார் அவனுக்கு வயதாகிவிட்டது என்று கண்டுபிடித்துக் கைவிட்டிருந்தார்கள். பழைய கிளப்பும் சீசன் முடிந்ததும் கைகழுவிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு புது ஆட்டக்காரர்களின் பதிவு மூடப்படும். அதற்குள் ஒரு கிளப்பில் பேர் ஏறாவிட்டால் வருஷம் முழுக்க வீட்டில்தான். ஒரு வருஷம் உட்கார்ந்த கோல்கீப்பரை மறு வருஷம் எவன் எழுப்புவான்? அவன் மச்சான் வைத்திருக்கும் டைல்ஸ் கடையில் ஓர் இடம் தயாராகக் காத்திருந்தது.

“மேல் தட்டுல இருக்கிறதை எடுக்க ஆள் இல்லையாம்கா. போன் மேல போன் பண்றான்.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் போனை எடுக்காதே” என்றார் உடும்பு.

ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்றின் கோல்கீப்பர் மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தார். ஏணி பாய்ந்து பாய்ந்து பந்தைத் தடுக்கும் நாலு நிமிஷ வீடியோவை அம்மையார் தன் கையாலேயே வெட்டி ஒட்டி அங்கே அனுப்பினார். புதன்கிழமை பயிற்சியாளர் கூப்பிட்டார்.

“அம்மா, ஆள் அருமையா தடுக்கிறார். ஒரு சந்தேகம்.”

“கேளுங்க சார்.”

“தட்டிவிட்ட அடுத்த செகண்டே படம் முடிஞ்சிடுது. தட்டின பந்து எங்க போச்சு?”

எதிரே தாடைகள் இளித்தன. வீடு விற்பவன் ஒழுகுகிற மூலையில் பீரோவை நிறுத்துவது மாதிரி, இதுவும் தொழிலின் பால பாடம். எல்லா ஏஜென்டும் செய்வதுதான். கேட்பவர்தான் இதுவரை பிறக்கவில்லை.

“மூணு பந்து எதிராளி கால்ல போய், கோலாயிடுச்சு சார்.”

“அப்போ மத்ததையும் நான் எப்படிம்மா நம்புறது? வச்சிடறேன்.”

வைத்தேவிட்டார். வேறொருவராக இருந்தால் வேறு கிளப்பைத் தேடியிருப்பார். வேறு கிளப் இல்லை என்பது அம்மையாருக்கு மிகவும் சௌகரியமாகப் போயிற்று. மனம் அலைபாய வழியில்லை. பூசணிக்காய் சோற்றில் மறைய மறுத்தால், பூசணிக்காயையே பரிமாறிவிடுவது என்று தீர்மானித்தார். போன சீசனில் ஏணி வாங்கிய கோல்கள் அத்தனையையும் வரிசையாகக் கோத்தார். மொத்தம் இருபத்தேழு.

வியாழக்கிழமை ஏணியை வரவழைத்துக் காட்டினார்.

“அக்கா, எனக்கு வேலை தேடுறீங்களா, வேட்டு வைக்கிறீங்களா?”

“எக்ஸ்ரே எடுக்காம பல்லு கட்ட முடியாது மாப்ள” என்றார் கணவர், ஒரு கடைவாய்ப் பல்லை ராவியபடி.

ஏணி நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டான். வர்ணனையாளர் குரல் மட்டும் அவன் முதுகில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் சுவரைப் பார்த்தே முணுமுணுத்தான். “மழை மேட்ச். ரெண்டாவது கோல். இடது காலை அவசரப்பட்டுத் தூக்கிட்டேன்.” அடுத்த கோலுக்கும் ஒரு முணுமுணுப்பு. அம்மையார் சத்தத்தையும் அணைத்து, தேதியை மட்டும் வாசித்தார். அவன் கோலைச் சொன்னான். இருபத்தேழும் அவனுக்கு மனப்பாடம்.

வெள்ளிக்கிழமை காலை அம்மையாரும் ஏணியும் பயிற்சி மைதானத்துக்குப் போனார்கள். பயிற்சியாளர் பார்க்கமாட்டார் என்றார் காவலாளி. அம்மையார் வேலிக்கு வெளியே குடையை விரித்துக்கொண்டு நின்றார். குடை ஆரஞ்சு நிறம். பயிற்சியாளர் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் அதுதான் விழுந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து அவரே வேலியோரம் வந்தார்.

“கையை விடமாட்டீங்களாம்மா?”

“இருபத்தேழு கோல் சார். ஒரு வெட்டு கிடையாது.”

ஈரச் சட்டைகள் தொங்கிய அறையில், தைல நெடிக்கு நடுவே, மடிக்கணினியைத் திறந்தார்கள். பந்து உதைபடும் நொடியில் பயிற்சியாளர் படத்தை நிறுத்தி, ஏணியைப் பார்த்தார்.

“என்ன ஆச்சு?”

“டிஃபென்டர் மறைச்சுட்டார்னு அன்னிக்குச் சொன்னேன் சார். பொய். நான்தான் ஒரு அடி பின்னாடி நின்னுட்டேன்.”

இன்னொன்று. “இதுல?”

“கார்னர். வெளிய வந்திருக்கக் கூடாது.”

பத்தொன்பதாவது கோலில் ஏணி நிமிர்ந்தான். “இதுல என் மேல தப்பில்ல சார். நாளைக்கு இதே பந்து வந்தாலும் இப்படித்தான் பாய்வேன்.”

பயிற்சியாளர் அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து, “பூட்ஸ் கொண்டு வந்திருக்கியா?” என்றார்.

மைதானத்தில் இரண்டு மணி நேரம். டாக்டரிடம் ஒரு மணி நேரம். நாலு இருபதுக்கு கிளப் மேனேஜர் ஒப்பந்தத்தை நீட்டினார். ஏணி பேனாவைத் திறந்தான். அம்மையார் அதைப் பிடுங்கி மூடிவிட்டு, முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

“அம்மா, மணியைப் பாருங்க” என்றார் மேனேஜர்.

“படிச்சுட்டுப் பார்க்கிறேன்.”

ஒன்பதாம் பக்கத்தில் விரல் நின்றது. ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கினால் கோல்கீப்பரை நீக்கலாம்.

“இதை அடிங்க.”

“பழைய ஆளுக்கும் இதே வரிதாம்மா. அவர் வாயே திறக்கல.”

“மணிக்கட்டு உடைஞ்சும் திறக்கலையா? பந்து பத்துப் பேரைத் தாண்டித்தான் இவன்கிட்ட வருது. அந்தப் பத்துப் பேர் ஒப்பந்தத்திலயும் இந்த வரியைப் போடுங்க, இவனும் போடுறான்.”

மணி நாலு நாற்பத்தைந்து. ஏணி பேனாவுக்குக் கை நீட்டினான். “அக்கா, போனாப் போகுது. விட்டுடுங்கக்கா.”

“டைல்ஸ் கடைக்கு நாளைக்கும் போகலாம். சும்மா உட்காரு.”

மேனேஜர் பயிற்சியாளரைப் பார்த்தார். பயிற்சியாளர் ஜன்னலோரம் சாத்தியிருந்த ஆரஞ்சுக் குடையைப் பார்த்தார். “அடிச்சிடுங்க சார். இல்லேன்னா நாளைக்கும் இந்தக் குடை வேலியில நிக்கும்.”

நாலு ஐம்பத்திரண்டுக்கு அந்த வரி அடிபட்டது. நாலு ஐம்பத்தேழுக்குப் பதிவு ஏறியது. ஐந்து மணிக்கு மேனேஜர் தன் கையை ஒருமுறை உதறிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். அம்மையார் வீட்டில் இருந்தார். ஆட்டத்தை நேரில் பார்த்தால் நகமே மிஞ்சாது என்பது அனுபவம். சாயங்காலம் போன் வந்தது.

“அக்கா…” ஏணியின் குரல் தரையில் கிடந்தது. “மூணு.”

கணவர் ராவுவதை நிறுத்தினார். அம்மையார் ஒரு தாடையை நகர்த்தி நோட்டுக்கு இடம் செய்தார்.

“சரி, முதல் கோல்லேருந்து சொல்லு. கால் எங்க இருந்துச்சு?”