சிவப்பு டப்பாவும் நெதர்லாந்துக்காரியும்

அன்று டெஸ்ட் டேபிள்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள்: நான், எனக்கு அடுத்து டெஸ்ட் செய்யவேண்டிய கல்பனா, மார்க் போடும் சூப்பர்வைசர் தாமு சார். வேறு யாரும் இல்லை. எனக்கோ ஊரே கூடி நிற்பதுபோல் இருந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டித் தரும் கம்பெனி எங்களுடையது. நான் எட்டாவதோடு நின்றவள். சேர்ந்த நாளிலிருந்து டேப் சுற்றுவது மட்டும்தான் வேலை. திடீரென்று புது ரூல் வந்தது. ஒயர் வெட்டுவது, முனையில் டெர்மினல் வைத்து அழுத்தும் கிரிம்பிங், கனெக்டரில் சொருகுவது, டேப் சுற்றுவது என்று நாலு வேலையிலும் மார்க் போட்டுக் கூட்டுவார்களாம். தேறினால் ஆபரேட்டர். இல்லாவிட்டால் கான்ட்ராக்ட் ஹெல்ப்பர். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் கம்பெனி பஸ்ஸில் கல்பனா செல்போனை நீட்டினாள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, சினிமாக்காரியா?"

"அய்ய, வெளயாட்டுக்காரிக்கா. நெதர்லாந்து. ரெண்டு நாள்ல ஏழு போட்டி. ஓடணும், தாண்டணும், குண்டு போடணும், ஈட்டி எறியணும். எல்லா மார்க்கும் கூட்டித்தான் ஜெயிப்பு. உலகமே இவ பின்னாடி சுத்திகினு கீது. கீழ பாரு, பூரா ஹார்ட்டு."

"அழகாத்தான் கீறா."

"அதத்தான் எல்லாரும் பாக்குறானுங்க. நீ இதப் பாரு."

தடை தாண்டும் ஓட்டத்தில் அவளுக்குக் கால் இடறியது. பின்தங்கிவிட்டாள். அடுத்து, ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, முகத்தில் துண்டை மூடிக்கொண்டு தரையில் படுத்திருந்தாள். அதற்கடுத்து, உயரம் தாண்டச் சிரித்துக்கொண்டே வந்தாள். நானாக இருந்தால் அந்தத் தடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். இறங்கும்வரை அதையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

டெஸ்டில் ஒயர் வெட்டுவது சரியாக முடிந்தது. கிரிம்பிங்கில் இரண்டு டெர்மினல் நசுங்கிப்போனது. எங்கள் லைனில் ஒரு வழக்கம்: கெட்டுப்போன பீஸை நாமே நம் டோக்கன் நம்பர் ஒட்டிச் சிவப்பு டப்பாவில் போடவேண்டும். போட்டேன். அடுத்த டேபிளுக்கு வந்தும் கண் அந்த டப்பாவை விட்டு வரவில்லை.

கல்பனா தூரத்திலிருந்து உள்ளங்கையால் முகத்தை மூடிக் காட்டினாள். எனக்குப் புரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, கர்சீப்பை முகத்தில் போட்டுக்கொண்டேன்.

"இன்னாம்மா, தூங்கிகினு கீறியா?" என்றார் தாமு சார்.

"இல்ல சார், அடுத்த போட்டிக்கு ரெடியாவுறேன்."

"சரியாப் போச்சு! எழுந்துரும்மா, டைம் ஓடுது."

எழுந்தேன். கனெக்டரில் ஒரு தப்பும் இல்லை. டேப் சுற்றிய வேகத்தில் தாமு சார் ஸ்டாப்வாட்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டார், நின்றுவிட்டதோ என்று. கிரிம்பிங்கில் குறைந்ததை அது தூக்கிவிட்டது. தேறிவிட்டேன். பின்னாலேயே கல்பனாவும்.

திரும்பும்போது பஸ்ஸில், என் செல்போனில் அந்தப் பெண்ணின் வீடியோவுக்குக் கீழே, அத்தனை ஹார்ட்டுகளுக்கு நடுவே தமிழில் எழுதினேன்: "எனக்கும் ஒரு போட்டி போச்சும்மா. ஆனா பாஸ்." அவள் எங்கே படிக்கப்போகிறாள். ஒரே ஒரு லைக் விழுந்தது. பக்கத்து சீட்டில் கல்பனா சிரித்தாள்.

புதிதாக லைனுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சிவப்பு டப்பாவில் போட்டதைத் திரும்பிப் பார்க்காதீர்கள். அதை எண்ண வேறு ஆள் இருக்கிறார்.