ரோட்டோரம் மட்டும் பெய்த மழை

ரப்பர் மரத்தின் பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்ட முடியாது. பால் வழிந்து வீணாகிவிடும். ஏ.எல். பரீட்சை எழுதிய கையோடு, முழங்கால் வலியில் கிடந்த அம்மாவுக்குப் பதிலாக நான்தான் தெரணியகலைப் பக்கத்துத் தோட்டத்தில் வெட்டிக்கொண்டிருந்தேன். மழை நாளில் மட்டுமே எனக்கு விடுதலை. அன்றைக்கு மேட்ச் பார்க்கக் கொழும்புக்கு பஸ் ஏறினால் அங்கேயும் மழை! அப்படிப் போன மூன்று முறையும் மூடிக் கிடந்த பிட்ச்சைத்தான் பார்த்தேன்.

நான்காவது மேட்ச் அன்று விடியலில் வானம் வெளுத்திருந்தது. எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. ரோட்டோரத்து இருபது மரங்களில் வாளியால் தண்ணீர் ஊற்றிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, மரமெல்லாம் ஈரம். இன்னைக்கு வெட்டு இல்ல!"

மத்தியானம் கொழும்பில் கொட்டியது. "ஒரு ஓவராவது போடுங்கடா!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒரு பந்துகூடப் போடவில்லை.

பொழுது சாயத் திரும்பியபோது, அம்மா வீங்கிய முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கைகளில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது.

"மத்தவங்க வெட்டுறாங்களேன்னு போய்ப் பாத்தேன். ரோட்டோரம் மட்டும் பெஞ்சிருக்குடா மழை! தொடச்சிட்டு எல்லா மரத்தையும் நானே வெட்டிட்டேன்."

நான் தலை குனிந்தேன்.

"அது கெடக்கு. இந்தத் தடவையாவது மேட்ச் நடந்துச்சா?"

"நடந்துச்சும்மா. நம்மதான் ஜெயிச்சோம்."

"அப்பாடா! அப்ப சரி."

தண்ணீர் ஊற்றியதற்கு அன்றே அழுது மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மேட்ச் நடக்கவில்லை என்பதைச் சொல்ல மட்டும் இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.