நிரப்பாத பெற்றோல் ராங்க்

எங்கள் அப்பாவை யாராவது கஞ்சன் என்று சொன்னால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் பெற்றோல் விஷயத்தில் மட்டும் எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. கார் ராங்கை அவர் ஒருநாளும் நிரப்பியதில்லை. முள் சிவப்புக் கோட்டைத் தொட்ட பிறகுதான் பெற்றோல் நிலையத்துப் பக்கம் திரும்புவார். அங்கேயும் கொஞ்சமாக அடித்துவிட்டு, “காணும், இவ்வளவு போதும்” என்று குழாயைக் கொழுவிவிடுவார்.

மொன்றியல் குளிருக்கு இது சரிவராது என்று சென்-லோரன் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். “இஞ்சாருங்கோ, ராங்கை நிரப்பிறேல்லை எண்டு ஏதும் நேர்த்திக்கடனோ?” என்று அம்மா கேட்டுப் பார்த்தார். அப்பா காதில் விழாத மாதிரி இருப்பார்.

அவருக்குக் கூட்டமும் ஆகாது. ஹொக்கியில் வென்றதற்கு இளந்தாரிகள் வீதியில் இறங்கிக் கூச்சல் போட்டால், எங்களை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார். கோவில் தேருக்குக்கூட எல்லோரும் கலைகிற நேரம் பார்த்துத்தான் வருவார். இப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் ஒரு ஊர்வலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும்.

நாங்கள் சென்-மிஷேலில் ஒரு மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழ்வீட்டில் ஹெயிட்டியிலிருந்து வந்த ஒரு மாமி இருந்தார். பள்ளிக்கூடம் விட்டால், அம்மா வேலையால் வரும்வரை நான் அவருடைய குசினியில்தான் இருப்பேன். அவர் வாழைக்காய் பொரித்துத் தருவார், பிரெஞ்சில் கதைகளும் சொல்வார். சில கதைகளை வாழைக்காய் முடியும்வரை ஒத்திவைப்பார். அப்படி ஒத்திவைத்துச் சொன்னதுதான் அமெரிக்காவில் கறுப்பு மக்களை ஊர்கூடிக் கொன்ற கதை. யார்மேலாவது ஒரு பழியைப் போடுவார்களாம். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. கும்பலாக இழுத்துவந்து மரத்தில் தூக்குவார்கள், சில வேளை உயிரோடு கொளுத்துவார்கள். பார்க்க வந்தவர்கள் பிள்ளைகளையும் கூட்டி வருவார்களாம்.

நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்ததைப் பார்த்து மாமி அடுத்ததையும் சொன்னார். நூறு வருடங்களுக்கு முன்னர் நியூயோர்க்கில் அந்தக் கொடுமைகளை எதிர்த்து ஆயிரக்கணக்கான கறுப்பு மக்கள் ஊர்வலம் போனார்கள். கோஷம் இல்லை, பேச்சில்லை, மேளச் சத்தம் மட்டும். முன்னால் வெள்ளை உடுப்பில் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் வெள்ளையில் பெண்கள், கடைசியில் கறுப்பு உடுப்பில் ஆண்கள். அதே மாதிரி ஒரு ஊர்வலத்தை மாமியின் தேவாலயத்து ஆட்கள் அந்த ஜூலையில் டவுன்டவுனில் நடத்தப் போகிறார்களாம். ஒவ்வொரு பிள்ளையும் கொல்லப்பட்ட ஒருவருடைய பெயரைப் பலகையில் ஏந்தி முன்வரிசையில் போகும்.

முன்வரிசை என்றதும் எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. உன்னால் வாய் மூடி நடக்க முடியுமா என்று மாமி கேட்டார். முடியும் என்று அரைமணி நேரம் பேசி நிரூபித்தேன். அம்மாவுக்குத்தான் உடுப்பு பிடிக்கவில்லை. “இதென்ன, செத்தவீட்டுக்குப் போறமாதிரி வெள்ளை?” என்றார். நான் அதை மாமிக்கு மொழிபெயர்த்தேன். மாமி தலையாட்டி, செத்தவீடுதான் என்றார். அம்மா வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுத் தந்தார்.

அன்று அம்மாவுக்கு வேலை. மாமி ஒழுங்குகள் பார்க்க விடியவே போய்விட்டார். அதனால் என்னைக் கொண்டுபோய் இறக்கிவிடும் பொறுப்பு அப்பாவின் தலையில் விழுந்தது. ஜூலையில் அவர் எப்போதுமே கதை குறைவு. “நான் காருக்குள்ள இருப்பன், நீ முடிச்சுக்கொண்டு வா” என்று மட்டும் சொன்னார்.

சென்-டெனி வீதியில் ஒரு சிவப்பு விளக்கில் நின்ற கார், பச்சை விழுந்தும் நகரவில்லை. முள் சிவப்புக் கோட்டுக்கும் கீழே படுத்திருந்தது. பின்னால் ஹோர்ன் சத்தம் காதைப் பிளந்தது. “அம்மா சொன்னவாதானே! சொன்னவாதானே!” என்று நான் கத்தி அழுதேன். அப்பா இறங்கி, வழியில் போன ஒருவரின் உதவியோடு காரை ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

போய்ச் சேர்ந்தபோது முன்வரிசை போய்விட்டது. பெண்களும் போய்விட்டார்கள். ஊர்வலத்தின் வால் மட்டும்தான் மிச்சம். அங்கே ஒழுங்கு பார்த்துக்கொண்டு நின்ற மாமி என் கண்ணீரைப் பார்த்துக் கடைசியாக இருந்த பலகையைத் தந்தார். அதிலும் பெயர் இல்லை. ‘பெயர் தெரியாதவர்’ என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. நிறையப் பேரின் பெயரை ஒருவரும் எழுதிவைக்கவில்லை, அவர்களையும் யாராவது சுமக்க வேண்டும் என்று மாமி குனிந்து சொன்னார். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் முழுப்பெயர், எனக்கு மட்டும் இது.

அப்பா வேலைக்குப் போடும் கறுப்புக் கால்சட்டையும் கறுப்புச் சேட்டும் போட்டிருந்தார். வேண்டுமென்றே கறுப்பு உடுத்து வந்திருக்கிறார் என்று மாமி நினைத்துவிட்டார். இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்து, “மெர்சி, மெர்சி” என்று நன்றி சொன்னார். அப்பாவின் பிரெஞ்சே போன்ஜூரும் மெர்சியும்தான். அவரும் “மெர்சி” என்றார். திரும்பிப் போகக் காரும் இல்லை. கறுப்புக் கால்சட்டைகளுக்கு நடுவே வெள்ளைச் சட்டையோடு நானும், எனக்குப் பக்கத்தில் அப்பாவும் நடந்தோம்.

மேளம் மட்டும் கேட்டது. அவ்வளவு சனம், ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்போது கத்தத் தொடங்குவார்கள் என்று காத்திருப்பவர் மாதிரி அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்தார். கொஞ்சத் தூரம் போனதும் என் கையை இறுக்கிப் பிடித்திருந்த அவருடைய பிடி தளர்ந்தது. குனிந்து, “என்ன எழுதிக்கிடக்கு?” என்று ரகசியமாகக் கேட்டார்.

“ஆரோ பேர் தெரியாத ஆளாம்.”

அப்பா பலகையை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, “தா, நான் பிடிக்கிறன்” என்றார். என் கை நோகிறது என்று அவருக்கு விளங்கிவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம். உடனே கொடுத்துவிட்டேன்.

எல்லாம் முடிந்து, சிவப்பு பிளாஸ்ரிக் கானில் பெற்றோல் வாங்கிக்கொண்டு காருக்கு நடந்தபோதுதான் நேரே கேட்டேன்.

“ஏன் அப்பா நீங்கள் ஒருநாளும் நிரப்பிறேல்லை?”

“நிரப்பி வைச்சா ஆரும் எடுப்பாங்கள்.”

அட, கள்ளர் பயம்! எனக்குச் சிரிப்பு வந்தது. “இஞ்ச ஆர் அப்பா களவெடுக்கிறது? மூடிக்குப் பூட்டிருக்குத்தானே” என்று தேற்றினேன். “ஓம், ஓம்” என்று என் தலையைத் தடவினார்.

பல வருடங்களுக்குப் பிறகு நான் லைசன்ஸ் எடுத்த அன்று, அப்பாவைச் சந்தோஷப்படுத்த அவருடைய கார் ராங்கை முட்ட நிரப்பிக்கொண்டு வந்தேன். அவர் ஏறி உட்கார்ந்தார், முள்ளைப் பார்த்தார், இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார். அன்றுதான் அம்மா எனக்குச் சொன்னார். அம்மாவுக்கே அது கனகாலம் தெரியாதாம்.

எண்பத்து மூன்றில், கொழும்பில் தமிழருக்கு எதிராக ஜூலைக் கலவரம் நடந்தபோது அப்பாவுக்கு எட்டு வயது. தப்பிப் போவதற்கென்று அவருடைய தகப்பன், என் அப்பப்பா, அன்று காலை ராங்கை முட்ட நிரப்பியிருந்தார். கும்பல் காரை மறித்தது. அப்பப்பா பேசிய சிங்களம் எல்லோரையும் காப்பாற்றியது. போகலாம் என்றார்கள், பெற்றோலை மட்டும் கேட்டார்கள். குழாய் விட்டு ஒரு வாளி எடுத்தார்கள். கொடுக்காமல் அப்பப்பா என்னதான் செய்வார்? வீதியோரம் ஒரு பொடியனை அடித்து இருத்தி வைத்திருந்தார்கள். வாளி எதற்கு என்பதை அப்பா காரின் பின் கண்ணாடியால் பார்த்தார். அவன் யார், எந்த ஊர், என்ன பெயர் என்று இன்றுவரை தெரியாதாம்.

எனக்குப் பத்து வயதில், அந்த ஊர்வலம் முடிந்த இடத்தில் மாமி பலகைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். அப்பா மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார், மாமி கையை நீட்டியபடி காத்திருந்தார். எனக்கென்றால் நல்ல பசி. “விடுங்கோ அப்பா, அது எங்கட இல்லை” என்று அவருடைய சேட்டைப் பிடித்து இழுத்தேன்.