ஆம்புக்கு நான் போட்ட பூசை

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் பூசை போடாமல் அம்மா அதைத் தொட விடமாட்டார். அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குப் போட்டது நியாயம். துணி துவைக்கும் மெஷினுக்கும் போட்டார். மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிய பிறகுதான் முதல் அழுக்குத் துணி உள்ளே போனது. மெஷினுக்குச் சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழத்தை அப்பாதான் காலால் நசுக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட அம்மா, மாமா தன் கிட்டாருக்கு வாங்கிய ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டிக்கு மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. அந்த ஓரவஞ்சனை எனக்குப் பொறுக்கவில்லை.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அவரை வளர்த்தது அம்மாதான். கல்யாணம் கட்டி வரும்போது சீர்வரிசையில் உன் மாமனும் ஒரு சாமானாக வந்தான் என்று அப்பா என்னிடம் கேலியாகச் சொல்வார். மாமாவுக்குத் தேயிலை பேக்டரியில் கொழுந்து வாட்டும் இடத்தில் வேலை. வேலை விட்டு வந்தால் கிட்டார்தான். சோறு ஆறிப்போகும், தேத்தண்ணி ஆறிப்போகும், அவர் அசையமாட்டார்.

ஒரு கல்யாண விருந்தில் அவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு, எங்கள் மலையில் பிரிஞ்சாங் டவுன் ஹோட்டல்களில் வாசிக்கும் பேண்டின் தலைவர் செய்தி அனுப்பியிருந்தார். அவர்களுடைய கிட்டார்காரர் விலகிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கே வந்து கேட்பதாகவும், பிடித்திருந்தால் சேர்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்த பேண்ட் மலையிலேயே இருந்துவிடும் பேண்ட் இல்லை. ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர் என்று மாதக்கணக்கில் கீழே இறங்கிவிடும்.

"மலைய விட்டு எறங்குனவன் எவன்டா திரும்பி வந்தான்?" என்றார் அம்மா.

"நீ சரின்னு சொன்னாத்தான்க்கா போவேன். இல்லாட்டி வேணாம்லா," என்றார் மாமா.

அவர் மனதாரத்தான் சொன்னார். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விளக்கிய சட்டியையே மறுபடியும் விளக்கிக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான், ஒரு புதன்கிழமை, ஆம்ப் வந்து இறங்கியது. திரிங்காப் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போன லோரி, திரும்பும்போது காலிக் கூடைகளுக்கு நடுவே அதை ஏற்றி வந்தது. மோட்டார் வாங்கப் போகிறேன் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த மாமா, கடைசியில் வாங்கியது அதைத்தான். அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது முட்டைக்கோஸ் வாசம்தான் முதலில் வந்தது. பிறகு புது ரெக்சின் வாசம்.

எங்கள் லயத்தின் வரிசை வீட்டுச் சனமே திரண்டு வந்து பார்த்தது. பார்த்தவர்கள் எல்லாருக்கும் முதலில் ஏமாற்றம். இத்தனை பேச்சுக்கும் இது ஒரு கறுப்புப் பெட்டிதானா என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டார். தூக்கிப் பார்த்த அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "மச்சான், உள்ள கல்லு கில்லு போட்டு ஏமாத்திட்டானுங்களா?" என்றார். மாமா பெட்டியைத் திருப்பி, முதுகுப் பக்கத்தைக் காட்டினார். திறந்திருந்த முதுகுக்குள் கண்ணாடிக் குழல்கள் ஐந்து வரிசையாக நின்றன. இரண்டு பெரியவை, மூன்று சின்னவை. வால்வு என்றார் மாமா. எங்களுக்குப் பல்புதான்.

அதற்கு இரண்டு சுவிட்சுகள். முதல் சுவிட்சைப் போட்டதும் குழல்களுக்குள் பொட்டுப்போல ஒரு சிவப்பு தெரிந்தது. சத்தம் வரவில்லை. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புதுசே செத்துப்போய்தான் வந்திருக்கிறது என்று கூட்டத்தில் யாரோ முடிவு கட்டினார்கள். "சூடாகட்டும்லா, அவசரப்பட்டா பாடாது," என்றார் மாமா. கொஞ்ச நேரம் பொறுத்து இரண்டாவது சுவிட்சைப் போட்டு, ஒரே ஒரு கம்பியைத் தட்டினார்.

அதற்கு முன் மாமாவிடம் இருந்த சின்ன ஆம்பின் சத்தம் எனக்குத் தெரியும். தகர டின்னில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டினதுபோல இருக்கும். இது வேறு. அடிவயிற்றில் வந்து உட்கார்ந்த பிறகுதான் காதுக்கே எட்டியது. மெதுவாகத் தட்டினால் சாதுவாகப் பேசியது. அழுத்தித் தட்டினால் தொண்டை கட்டின பாட்டுக்காரர்போலக் கரகரத்து எழுந்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது, அலமாரியில் கிளாஸ்கள் கிணுகிணுத்தன. சின்னப் பிள்ளைகளான நாங்கள் காரணமே இல்லாமல் சிரித்தோம். ஏமாந்து நின்ற பக்கத்து வீட்டு அத்தை, இன்னொரு தடவை அடி தம்பி என்றார். அம்மா மட்டும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

வியாழன் போனது, வெள்ளியும் போனது. வெள்ளிக்கிழமை சாமி விளக்கு ஏற்றியபோதாவது அதற்கு ஒரு பொட்டு வைப்பார் என்று பார்த்தேன். சூடத் தட்டு அடுப்படி வரைக்கும் போயிற்று, ரைஸ் குக்கரைக்கூடச் சுற்றிவிட்டு வந்தது. ஆம்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மறந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். பூசை போடாத சாமான் நடுவழியில் காலை வாரிவிடும் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அது மாமாவின் காலை வாரிவிட்டால் என்ன செய்வது?

ஞாயிறு காலை மாமா குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, முதல் சுவிட்சைத் தட்டிவிட்டு, பேண்ட் தலைவரை அழைத்து வர எஸ்டேட் கேட்டுக்குப் போனார். ஆம்ப் சூடாகிக்கொண்டிருந்தது. அப்பா வாசலில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தார், அம்மா அடுப்படியில் இருந்தார். இதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்காது. டம்ளரில் தண்ணீர் எடுத்து, சாமி மாடத்தில் இருந்த மஞ்சள் தூளைக் கரைத்தேன். தெளிக்க மாவிலைக்கு மாமரமே வளராத இந்தக் குளிரில் எங்கே போவது. எங்கள் வீட்டில் வெற்றிலைதான். பெட்டியின் நெற்றியில் மூன்று குங்குமப் பொட்டு வைத்தேன். பிறகு முதுகுப் பக்கம் போனேன். உள்ளே ஐந்தும் விளக்கு ஏற்றினதுபோல எரிந்துகொண்டிருந்தன. சாமி இருக்கும் இடம் அதுதான் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. வெற்றிலையை நன்றாக முக்கி, அம்மா தெளிப்பதுபோலவே மூன்று தடவை தெளித்தேன்.

டிக் என்று ஒரு சத்தம். ஒரு பெரிய குழலின் உச்சியில் இருந்த வெள்ளிப் பூச்சு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால்போல வெளுத்தது. எனக்குப் பரம சந்தோஷம். நல்ல காரியத்துக்குப் பல்லி சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.

பேண்ட் தலைவர் வந்தார். தொப்பி போட்ட, சிரித்த முகமான மனிதர். வாசலில் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர். மாமா அவசரத்தில் பொட்டைக்கூடக் கவனிக்காமல் கிட்டாரை மாட்டி, இரண்டாவது சுவிட்சைப் போட்டு, கம்பியைத் தட்டினார்.

ஆம்ப் இருமியது. அதை அப்படித்தான் சொல்ல வேண்டும். பாதிக் குரல்தான் வந்தது, அதுவும் நசுங்கி வந்தது. மாமா குமிழ்களைத் திருகினார். இன்னும் மோசமானது. அவர் நெற்றி அந்தக் குளிரிலும் வேர்த்துவிட்டது. சட்டென்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதுகுப் பக்கம் குனிந்தார். பேண்ட் தலைவரும் குனிந்தார்.

"வால்வு வெடிச்சிருக்குப்பா. சூட்டுல தண்ணி பட்டிருக்கு. பாரு, மஞ்சளா ஒட்டியிருக்கு. யாரு தெளிச்சது?" என்றார் பேண்ட் தலைவர்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மாமா நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார். நான் கட்டிக்கொள்ளும் முன்பே அவர் என் மஞ்சள் விரல்களைப் பார்த்துவிட்டார். நான் அழுவதற்கு வாயைத் திறந்த நேரத்தில், அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். நாலு நாளாக அந்தப் பெட்டி இருந்த பக்கமே வராதவர், நேராக வந்து அதன் பக்கத்தில் நின்றார்.

"நான்தான் தெளிச்சேன். என் தம்பி புதுசா தொழிலுக்கு வாங்கின சாமான். பூசை போடாம எப்படி?"

பேண்ட் தலைவர்தான் முதலில் சிரித்தார். "லோரிக்குப் போடற பூசையை இதுக்கும் போட்டுட்டீங்களாக்கா! சரி, அக்காவே பூசை போட்டு அனுப்பறாங்க, அப்புறம் என்ன? ஆம்பை விடு தம்பி, வால்வு மாத்திக்கலாம். சும்மாவே வாசி, உன் கைவேலையைக் காட்டு."

மாமா ஆம்ப் இல்லாமலே வாசித்தார். அந்தக் கிட்டாருக்குத் தனியாகச் சத்தம் கிடையாது. கொசு பாடுவதுபோலத்தான் கேட்கும். பேண்ட் தலைவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் காதை அருகில் கொண்டுபோனார். வாசலில் நின்றவர்கள் ஓரடி நெருங்கி வந்தார்கள். மாமா இடையில் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. ஆனால் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. வாசித்து முடித்ததும், வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு வந்துவிடு என்றார் பேண்ட் தலைவர். அம்மா தேத்தண்ணி போட உள்ளே போனார். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்தது.

அம்மா பொய் சொன்னது என்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான் என்பதை நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். எனக்காக அம்மா அத்தனை பேர் முன்னால் பொய் சொன்னதில் கொஞ்சம் கர்வமும் வந்தது. மாமாவின் அழுகைதான் விளங்கவில்லை. மீசை வைத்த ஆள், ஒரு பல்பு போனதற்கா இப்படி அழுவார்? ஆனாலும் அதைக் கெடுத்தது நான். பாவமாக இருந்தது.

குளியலறைக்குப் போனேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, அங்கிருந்த பல்பைக் கழற்றினேன். பாவாடையில் நன்றாகத் துடைத்துக் கொண்டுவந்து மாமாவிடம் நீட்டினேன்.

"அழாதீங்க மாமா. இதப் போட்டுக்குங்க."

மாமா பல்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அடுப்படியில் முதுகைக் காட்டி நின்ற அம்மாவைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நிற்கவே இல்லை, அதோடே சிரிக்க ஆரம்பித்தார். பல்பை வாங்கி, இஸ்திரி போட்ட சட்டையின் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்ற நிம்மதியோடு நான் விளையாடப் போனேன்.