கிடுகிடுவென்று
எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோ மாட்டிக்கொண்டது. "ஏரியா கிடுகிடுன்னு வளந்துடுச்சுக்கா, இன்னா பண்றது?" என்றார் ஓட்டுநர். ஏதோ கடையிலிருந்து மிளகாய் வறுபடும் நெடி வந்தது.

சாலையோர மதிலுக்குப் பின்னால் கன்டெய்னர்களை அடுக்கியிருக்கும் இடத்தில்தான் எங்கள் மீனவக் குப்பம் இருந்தது. அங்கே 'கிடுகிடு' என்பது பிள்ளைகளுக்கும் முருங்கைக்கும் மட்டுமே சொல்லும் சொல். மீன்கூடையோடு திரும்பும் பக்கத்து வீட்டு மேரியக்கா, "இன்னாம்மே, உன் பொண்ணு கிடுகிடுன்னு வளந்துகினே போவுது" என்று வாய்நிறையச் சொல்லிவிட்டுப் போன அன்றெல்லாம், விளக்கு வைத்ததும் அம்மா என்னைக் கிழக்குப் பார்க்க உட்காரவைத்து, உப்பையும் மிளகாயையும் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டு, நெடி வருகிறதா என்று மூக்கை உறிஞ்சியபடி நிற்பாள். வராவிட்டால், "பாத்தியா, கண்ணு பட்டுகீது" என்பாள். அதற்கப்புறம்தான் சோறு.

லாரி இன்னும் நகரவில்லை. இப்போது ஊரையே பார்த்து அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். சுற்றிப்போடத்தான் ஒருத்தருமில்லை.