பாறைக்குழி மீன்

அருணகிரியை இப்போது எங்கள் ஆட்டையாம்பட்டி ஊரே மீன்காரர் என்கிறது. எழுபத்து நாலில் அவனைப் பைத்தியக்காரன் என்று முதலில் சொன்னவன் நான்தான், அவன் மச்சான் கைலாசம்.

அந்த வருஷம் நூல் விலை ஏறி எங்கள் தெருத் தறிகள் நின்றன. பன்னிரண்டு வீட்டிலும் ஒருவேளைக் கூழ்தான். எல்லோரும் நூலுக்காகக் காத்துக் கிடக்க, என் தங்கை புருஷனான இவன் மட்டும் மேட்டூருக்குப் பஸ் ஏறி ஒரு மண்பானை மீன்குஞ்சு வாங்கி வந்தான். ஊரோரத்துப் பாறைக்குழியில் மழைத்தண்ணீர் கிடந்தது. அதில் விட்டான்.

"தறிக்காரனுக்கு எதுக்கு மாப்பிள்ளை இந்தப் பொழப்பு? புத்தி கெட்டுப்போச்சா?" என்று தெருவே கேட்கத் திட்டினேன். எனக்கு வாய் நீளம்.

"தைக்குள்ள முழங்கை நீளம் வளருமுங்க மச்சான். தெருவே திங்கலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். திட்டினால் சிரிக்கிறவனை என்னதான் செய்வது!

தினமும் சாணியும் தவிடும் கரைத்து ஊற்றினான். தவிடு கிடைக்காத நாளில் தன் கூழில் பாதியை ஊற்றினான். அதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டில் தறியில் ஏற்றும் பாவு நூல் விறைக்கப் போட்ட கஞ்சிப்பசை ஒரு பானை மிச்சமிருந்தது. அரிசிக்கஞ்சிதானே என்று அவனுக்குத் தெரியாமல் கொண்டுபோய்க் குழியில் கொட்டினேன்.

மறுநாள் காலையில் மீன்கள் பல செத்து மிதந்தன. பிறகுதான் எனக்கு உறைத்தது. பூஞ்சணம் பிடிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்போம், அது விஷம். பசித்த வீட்டிலும் அந்தப் பானையை யாரும் தொடாதது அதனால்தான். இருபது வருஷம் தறிக்குழியில் உட்கார்ந்த நான் இதை மறந்திருக்கிறேன்.

நீச்சல் தெரியாத அருணகிரி கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, ஓரத்தில் படிந்த பசையைத் துண்டால் அள்ளி வெளியே எறிந்தான். நானும் இறங்கினேன்.

"நான்தான் கொட்டினேன் மாப்பிள்ளை."

துண்டின் ஒரு முனையை என் பக்கம் நீட்டினான்.

"அதுகளுக்குப் பசிக்கும்னுதானே போட்டீங்க. அள்ளுங்க மச்சான்."

செத்ததைப் புதைத்தோம். மூன்று நாள் பழைய தண்ணீரை இறைத்து, கிணற்றுத் தண்ணீர் ஊற்றினோம். பாதி மீன் தப்பியது. தெருவுக்கே ஆகவேண்டிய சாப்பாட்டில் பாதியை நான் கொன்றிருந்தேன்.

தையில், கழிவு நூலில் தானே பின்னிய வலையைப் போட்டான். சின்னதை எல்லாம் மறுபடி தண்ணீரில் விட்டான். தேறியது ஏழு மீன். பன்னிரண்டு வீட்டில் யாருக்குக் கொடுப்பது? நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அவனே வந்தான். இருந்ததில் பெரிய மீனை எங்கள் வாசலில் வைத்தான்.

"வேற ஊட்டுக்குக் குடு மாப்பிள்ளை. பாதியக் கொன்னவன் நானு."

"உங்க ஊட்டுல ரெண்டு நாளாப் புகை வரலைங்களே மச்சான். குழிக்குப் போறப்ப தெனமும் பாத்துட்டுத்தான் போவேன்."

அடுப்பு எரியாததை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் பெண்டாட்டி நல்லம்மாளையும் சொல்லவிடவில்லை. அவனைத் திட்ட வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. நல்லம்மாள் மீனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.